ஆறு எழுதினால் ஒருத்தி அழுகிறாள், ஒருவன் துள்ளுகிறான்

ஆசிரியர் கேள்வி – பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று வன்னியின் பல ஊர்களில் இருந்து ஆசிரியர்கள் இணையவழியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று சிதறி இருக்கிறார்கள். வயது ஐந்துக்கும் பத்துக்கும் இடையில். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வகுப்புகளில் நடக்கும் சிரிப்பான சங்கதிகளைப் பற்றியவை. பிள்ளை சொன்ன வேடிக்கையான விடைக்குப் பின்னால் அநேகமாக ஓர் ஒழுங்கான கணக்கு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த பாடம் எது என்று தெரிந்துவிடும். அதனால் காரணத்தையும் செய்ய வேண்டியதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இரண்டு பிள்ளைகள் சொல்வதெழுதலில் ஆறு சொல்லும் சரியாக எழுதினார்கள். இருவருக்கும் சிவப்பால் ‘6’ என்று போட்டுப் படம் அனுப்பினேன். ஜேர்மனிப் பிள்ளை விக்கி விக்கி அழுதாளாம். சுவிஸ் பிள்ளை துள்ளிக் குதித்து வீடு முழுக்கக் காட்டினானாம். என்ன நடந்தது?
— ஆசிரியை, புதுக்குடியிருப்பு

ஜேர்மனியில் பள்ளிக்கூடப் புள்ளி 1 முதல் 6 வரை. அங்கே 1 தான் மிகச் சிறந்தது. 6 வாங்கினால் படுதோல்வி. சுவிஸிலும் அதே 1 முதல் 6 வரைதான், ஆனால் தலைகீழ்: 6 உச்சம், 4 தேறுகிற புள்ளி, 1 அடிமட்டம். ஜேர்மனியில் முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பல பள்ளிகள் இலக்கப் புள்ளி போடுவதில்லை. ஆனாலும் அண்ணன், அக்காவின் கொப்பியைப் பார்த்து 6 என்றால் என்னவென்று சின்னதுகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

சுவீடன், பின்லாந்துப் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் வரும். நாங்கள் சரிக்குப் போடுகிற அடையாளத்தை அங்கே பிழைக்குப் போடுகிறார்கள். பத்தும் சரியாக எழுதிய பிள்ளைக்குப் பத்து ‘சரி’ போட்டு அனுப்பினால், பத்தும் பிழை என்று முகம் தொங்கிப் போகும்.

இலக்கத்தையும் அடையாளத்தையும் விட்டுவிடுங்கள். ‘ஆறு சொல்லும் சரி’ என்று எழுத்தில் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். கூடவே 15 விநாடிக் குரல்பதிவு ஒன்றை அனுப்புங்கள். அதில் ஒரேயொரு எழுத்தைக் குறிப்பாகப் பாராட்டுங்கள்: “வாழையில் ழ வடிவா வந்திருக்கு.” பிழையானதைச் சிவப்பால் வெட்ட வேண்டாம், அந்தச் சொல்லின் கீழே சரியான வடிவத்தை எழுதிவிட்டால் போதும். அழுத பிள்ளைக்கு இன்றைக்கே அழைப்பு எடுத்து, “எங்கட ஊரில ஆறுக்கு ஆறு எண்டால் முழுப் புள்ளி” என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வகுப்பு வரை விட்டால் அது வரவே மறுக்கும்.

லண்டன் பிள்ளை ஒன்று ‘ட’வைத் திருப்பி எழுதி, வெண்பலகையை உயர்த்திக் காட்டுகிறது. “மாத்தி எழுதுங்கோ” என்றால், “ரீச்சர், சரியாத்தானே தெரியுது” என்று அடம்பிடிக்கிறது.
— ஆசிரியர், மாங்குளம்

பிள்ளை பொய் சொல்லவில்லை. சூம் செயலி ஒருவருக்கு அவருடைய சொந்தப் படத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக் காட்டும். ‘ட’வுக்கு நிமிர்ந்த கோடு இடப்பக்கம், அடிக்கோடு வலப்பக்கம் போக வேண்டும். பிள்ளை அப்படி எழுதி உயர்த்தினால் தன் திரையில் அது திரும்பித் தெரியும். உடனே அழித்து, திரையில் சரியாகத் தெரியும்வரை மாற்றி எழுதும். உங்களுக்கு அது பிழையாக வந்து சேரும். தன் அட்டை திருப்பித் தெரிகிறதே என்று பயந்து ஆசிரியர்களும் சிலவேளை இதைச் செய்வதுண்டு. உங்கள் அட்டை பிள்ளைக்கு நேராகத்தான் தெரியும், கவலை வேண்டாம்.

பிள்ளையின் கருவியில் சூம் அமைப்புகளுக்குள் வீடியோப் பகுதிக்குப் போய், ‘மிரர் மை வீடியோ’ என்பதில் இருக்கிற சரியடையாளத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். வேலை அவ்வளவுதான். அதற்குப் பிறகும் திருப்பி எழுதினால், திரையைப் பார்க்காமல் கொப்பியில் எழுதவிட்டு, போனின் பின்பக்கக் கமராவால் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கக் கமரா சில போன்களில் படத்தைத் திருப்பியே சேமிக்கும். கொப்பியிலும் திரும்பியிருந்தால் அது 5–7 வயதில் சாதாரணமாக வருவது. பெரும்பாலும் தானாகவே சரியாகும். தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுத்தால் கை விரைவில் பழகிவிடும்.

என் கணித வகுப்பில் இலக்கங்கள் படாத பாடு படுகின்றன. பாரிஸ் பிள்ளை 75ஐ “அறுபத்திப் பதினைஞ்சு” என்கிறான். ஜேர்மனிப் பிள்ளை இருபத்திநாலு என்றால் 42 எழுதுகிறாள். 80க்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து “ஒன்பது!” என்று கத்துகிறார்கள். எங்கே இருந்து தொடங்குவது?
— ஆசிரியை, கிளிநொச்சி

மூன்றும் மூன்று வேறு சங்கதி. ஒரே மருந்து கொடுக்க வேண்டாம்.

பாரிஸ் பிள்ளையின் விடை பிரெஞ்சுக் கணக்கு. அந்த மொழியில் 70க்குத் தனிப்பெயர் இல்லை, ‘அறுபது பத்து’ என்றுதான் சொல்வார்கள். 75 ‘அறுபது பதினைந்து’. 80 ‘நான்கு இருபது’, 90 ‘நான்கு இருபது பத்து’. பையன் மனதுக்குள் ஒழுங்காக மொழிபெயர்த்துத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு 70, 80, 90 ஆகிய மூன்று பெயர்களை மட்டும் தனியாகப் பழக்கினால் போதும், மற்றவை தானாக வரும். சுவிஸில் ஜெனீவா, லொசான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 70க்கும் 90க்கும் அங்கேயே தனிச்சொல் உண்டு. அதனால் அவர்களிடம் இந்தப் பிழை குறைவு.

ஜேர்மன் மொழியில் 24ஐ ‘நாலும் இருபதும்’ என்று ஒன்றுகளை முதலில் சொல்கிறார்கள். காதில் முதலில் விழுவது ஒன்றின் இடம் என்று கை பழகியிருக்கிறது. நீங்கள் “இருபத்தி…” என்று தொடங்கியதுமே அவள் 2ஐ வலப்பக்கம் வைத்துவிடுகிறாள். லண்டன் பிள்ளைகளிடமும் இது உண்டு, ஆனால் 13 முதல் 19 வரை மட்டும். ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ஒன்றுகள்தான் முதலில் வரும், ஆகவே 14க்கு 41 எழுதுவார்கள். இதற்குக் கொப்பியில் இரண்டு பெட்டி கீறுங்கள்: இடப்பெட்டி நீலம், பத்துகளுக்கு, வலப்பெட்டி மஞ்சள், ஒன்றுகளுக்கு. “இருபத்தி” என்று சொல்லி நிறுத்துங்கள். நீலப் பெட்டி நிரம்பிய பிறகுதான் “நாலு”. ஒரு நாளைக்கு 10 எண் போதும், அவற்றையும் 24–42, 35–53 என்று சோடி சோடியாகத் தெரிந்தெடுங்கள். 33, 44 கொடுத்தால் பிழை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

“ஒன்பது!” என்று கத்துவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பிழை. அறுபது, எழுபது, எண்பது என்று வந்த காதுக்கு அடுத்தது ‘பது’வில்தான் முடிய வேண்டும். ஒன்பது என்ற சொல் அந்த வடிவத்தில் ஏற்கெனவே கையில் இருக்கிறது, பிள்ளை எடுத்து வைத்துவிடுகிறது. தொண்ணூறு என்று நீங்கள் திருத்தினால் அதில் நூறு கேட்கிறது, உடனே மூன்று இலக்கம் எழுதுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. தமிழ் பேசும் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளையும் இங்கே தடக்கும்.

வாயால் திருத்திப் பயன் இல்லை, கையில் எண்ணிக்கை வேண்டும். ஈர்க்கை 10 செ.மீ. அளவில் 100 துண்டாக வெட்டி, பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். ஈர்க்கு இல்லாத பிள்ளை முறித்த ஸ்பகெட்டியில் கட்டிக்கொள்ளட்டும். அவிக்காத ஸ்பகெட்டி இறுக்கிக் கட்டினால் நொறுங்கும், வளையத்தை இரண்டு சுற்றோடு விடச் சொல்லுங்கள். பத்துக் கட்டையும் வரிசையாக வைத்து இது நூறு என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் தொண்ணூறு. இப்படி மேலே இருந்து இறங்கி வந்தால் ‘எண்பது’வின் ஓசை குழப்பாது. முதல் கிழமை தொண்ணூறு மட்டும். இரண்டாம் கிழமை 91 முதல் 99 வரை. நூறு நூறாக எண்ணத் தெரிந்த பிறகுதான் தொள்ளாயிரம். 9, 90, 900 மூன்றையும் ஒரே நாளில் ஒரே பலகையில் எழுதினால் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் பிள்ளைகளின் 1க்கு முன்னால் நீளமான ஏறுகோடு இருக்கும், பார்க்க எங்கள் 7 மாதிரி. அவர்களுடைய 7க்கு நடுவில் குறுக்குக்கோடு. ஜேர்மனியில் 6 : 2 என்று இரண்டு புள்ளி வைத்தால் வகுத்தல்; 2,5 என்று காற்புள்ளி வைத்தால் எங்கள் 2.5. சேரும் முதல் நாளே 0 முதல் 9 வரை ஒரு வரியில் எழுதிப் படம் அனுப்பச் சொல்லி, பிள்ளையின் பெயரோடு உங்கள் கொப்பியில் ஒட்டி வையுங்கள். சரியான விடையைப் பிழை என்று வெட்டுவது குறையும்.

கேள்வி கேட்டதும் நோர்வேப் பிள்ளை சிலையாகிவிடுகிறான். இணைப்புப் போய்விட்டதா, நடிக்கிறானா?
— ஆசிரியர், மல்லாவி

பின்னால் பாருங்கள். திரைச்சீலை ஆடினால், சுவர் மணிக்கூட்டின் விநாடி முள் நகர்ந்தால், அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு கடந்து போனால், அவன் நடிக்கிறான். உண்மையில் இணைப்பு இறுகினால் பின்னால் இருப்பதும் சேர்ந்தே நிற்கும், அல்லது படம் கட்டம் கட்டமாக உடையும், ஓசையும் அறுந்து அறுந்து வரும்.

குட்டு வெளிப்பட்டது என்று காட்டிக்கொடுக்க வேண்டாம். “கணினி இறுகிப் போச்சுது போல. விடை மாம்பழம் எண்டால் ஒருக்கா கண்ணைச் சிமிட்டு, வாழைப்பழம் எண்டால் ரெண்டு தரம்.” கட்டாயம் சிரிப்பு வரும், சிரித்தால் வாயும் திறக்கும். பெரும்பாலும் பெயரைச் சொல்லித் திடீரென்று கேட்கும்போதுதான் பிள்ளைகள் இப்படிச் செய்கின்றன. கேள்வியை முதலில் கேட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணி, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

பேரன் கனடாவில் இரண்டாம் வகுப்பு. சோறு எங்கே இருந்து வருது என்று போனில் கேட்டேன். “குக்கரில இருந்து” என்றான். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டோம். இப்போது பேச வரமாட்டன் என்கிறான்.
— அம்மம்மா ஒருவர், நெடுங்கேணி

அம்மா, முதலில் அவன் சொன்னது சரி என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் கண்ட வீட்டில் சோறு குக்கரில் இருந்துதான் வருகிறது. “குஞ்சு, நீ சொன்னது சரி. அம்மம்மா சிரிச்சது பிழை. குக்கருக்குள்ள என்ன போடுறது எண்டு அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுவியா?” அதோடு அழைப்பை முடியுங்கள். அடுத்த முறை பேசுவதற்கு அவனிடம் ஒரு வேலை இருக்கிறது.

பிறகு ஓர் அழைப்புக்கு ஒரு படி பின்னால் போங்கள்: சோறு, அரிசி, நெல், கதிர், வயல். நெல் காட்டும் நாளில் உள்ளங்கையில் ஐந்து மணி மட்டும் வைத்து, கமராவில் இருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். அதைவிடக் கிட்டப் பிடித்தால் படம் மங்கும். ஒரு மணியை நகத்தால் உரித்து உமியை ஒரு பக்கம், அரிசியை ஒரு பக்கம் வையுங்கள். உள்ளே வெள்ளையாய் வருவதைக் கண்டதும் அவனே சொல்வான். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் என்றால் போனை வயலுக்கே கொண்டு போகலாம். மற்ற மாதங்களில் ஒரு பிடி விதைநெல்லை 24 மணித்தியாலம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு நாள் விடுங்கள். ஈரம் காய்ந்தால் முளை வராது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். காலையும் மாலையும் தெளித்தால் போதும். வெள்ளை முளை எட்டிப் பார்க்கிற நேரம் அழைப்பு எடுங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு முன்னால் ஒரு பொருளைக் காட்டிப் பேசுகிற நாள் வந்தால், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகவும் கூடும்.

வீட்டாரிடமும் ஒரு வார்த்தை: இந்தக் கதையை அடுத்த கலியாண வீட்டில் அவனை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம்.

பிள்ளைகள் என்னை “நீ எங்க இருக்கிறாய் ரீச்சர்?” என்கிறார்கள். பூனைக்குட்டியை “வாங்கோ, வாங்கோ” என்று கூப்பிடுகிறார்கள்.
— ஆசிரியை, விசுவமடு

பூனையிடம் ‘வாங்கோ’ வருவதற்குக் காரணம் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் வீடுகளில் பிள்ளையையே “வாங்கோ, சாப்பிடுங்கோ” என்றுதான் கூப்பிடுகிறோம். சின்னதுகளைக் கூப்பிடுவது அப்படித்தான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. ‘நீ’ என்பதில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். நோர்வே, சுவீடனில் ஆசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

பிரான்ஸ், ஜேர்மனிப் பிள்ளைகளுக்கு இது சுலபம். அவர்களுடைய மொழியிலும் நெருங்கியவருக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று இரண்டு சொல் உண்டு. அதே போலத்தான் என்று ஒரு வரி சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஆறு படம் தயார் செய்யுங்கள்: அம்மம்மா, ரீச்சர், கடைக்காரர், தம்பி, நாய்க்குட்டி, பூனை. படத்தைக் காட்டியதும் பிள்ளை கூப்பிட வேண்டும். சரியாகக் கூப்பிட்டால் படம் கிட்ட வரும், இல்லாவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூன்று சுற்று, ஐந்து நிமிடம். வகுப்பு நடுவில் ‘நீ’ வந்தால் நிறுத்தித் திருத்தாமல், “நீங்கள் எங்க இருக்கிறீங்கள் எண்டு கேக்கிறீங்களா? நான் விசுவமடுவில” என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

ரொறன்ரோ பிள்ளைகளுக்கு விடிய 5.30க்கு வகுப்பு. சேவல் கூவினால் “ரீச்சர், அலாம் அடிக்குது” என்கிறார்கள். தகரக் கூரையில் குரங்கு ஓடினால் பாடம் அதோடு சரி.
— ஆசிரியை, ஒட்டுசுட்டான்

இரண்டு நிமிடத்தைச் சேவலுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சேவல் எப்படிக் கூவும் என்று கேளுங்கள். எங்களுக்குக் ‘கொக்கரக்கோ’, பிரெஞ்சில் ‘கொக்கொரிக்கோ’, ஜேர்மனில் ‘கிக்கெரிக்கி’, ஆங்கிலத்தில் ‘கொக்-அ-டூடுல்-டூ’. குரங்குக்குப் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓட வேண்டாம். கேட்ட ஓசையைப் படமாகக் கீறச் சொல்லுங்கள். நிறுத்தவேண்டும் என்றால் சூமின் ஓசை அமைப்பில் பின்னணி இரைச்சலைக் குறைப்பதை உயர்நிலையில் வையுங்கள், வாய்க்குக் கிட்ட மைக் இருக்கிற ஹெட்செட் பாவியுங்கள். கார்த்திகை, மார்கழி மழை தகரத்தில் விழுந்தால் இரண்டாலும் பயன் இல்லை. அந்த நாளுக்கென்று பேச்சே தேவைப்படாத பத்துப் பட அட்டையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளைக்கு வாசிப்புப் பரீட்சை வைக்கலாமா?
— ஆசிரியர், பூநகரி

த, ந சொல்ல நாக்கு முன்பல்லில் முட்ட வேண்டும். ச சொன்னால் காற்று ஒழுகும். இவற்றுக்குப் புள்ளி வெட்ட வேண்டாம். ட, ண, ள, ழ அண்ணத்தில் பிறப்பவை, அவற்றை இப்போதே பழக்கலாம். மேல் முன்பற்கள் பெரும்பாலும் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்து முளைக்கும். விழுந்த பல்லை என்ன செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள்: லண்டன் பிள்ளை தலையணைக்கு அடியில் தேவதைக்கு வைத்திருக்கும், பாரிஸ் பிள்ளை சுண்டெலிக்கு. நாங்கள் கூரைக்கு எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பதைச் சொன்னால் அந்த ஒரு நாளுக்குப் பேச்சுத் தமிழ் தாராளமாக ஓடும்.

இந்தப் பகிடிகளை வட்ஸ்அப் ஸ்டேற்றஸில் போடலாமா? முகத்தை மறைத்துத்தான்.
— பரந்தன்

வேண்டாம். குரலை வைத்தே சொந்தக்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் படத்தையும் குரலையும் சேர்த்துத்தான் காக்கிறது. பெற்றோர் சரி என்றாலும், பத்து வருடத்தால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று இன்றைக்குக் கேட்க முடியாது. ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன விடை, அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். பெயர் தேவையில்லை. வீட்டுச் சண்டை, அப்பாவின் கடன் என்று பிள்ளை ஏதும் சொன்னால் அதை எழுதவும் வேண்டாம், துருவிக் கேட்கவும் வேண்டாம். பிள்ளைக்கு அடி விழுகிறது போலத் தெரிந்தால் மட்டும் சும்மா இருக்கக்கூடாது. வகுப்பை ஒழுங்கு செய்தவருக்கு அன்றைக்கே அறிவியுங்கள்.

பங்குனியில் சில கிழமை பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் மாறி வருகிறார்கள். ஒருத்தி கோப்பையில் கஞ்சியோடு வந்து நின்றாள்.
— ஆசிரியை, முழங்காவில்

எங்கள் மணிக்கூடு மாறுவதில்லை, அவர்களுடையது மாறுகிறது. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகள். கோடையில் லண்டன் எங்களுக்கு 4½ மணித்தியாலம் பிந்தும், குளிர்காலத்தில் 5½. பாரிஸ், சூரிச், பேர்லின், ஒஸ்லோ 3½, 4½. ரொறன்ரோ 9½, 10½. சிட்னி, மெல்பேர்ன் மட்டும் எங்களுக்கு முந்தும்: அவர்களுடைய குளிர்காலத்தில் 4½, கோடையில் 5½, அங்கே மாறுவது ஏப்ரல் முதல் ஞாயிறும் ஒக்டோபர் முதல் ஞாயிறும். லண்டனையும் ரொறன்ரோவையும் ஒரே வகுப்பில் வைத்திருந்தால் மார்ச்சில் இரண்டு மூன்று கிழமையும் நவம்பருக்கு முன் ஒரு கிழமையும் இரு தரப்பும் பொருந்தாது. அந்தக் கிழமைகளில் வகுப்பைப் பிரித்துவிடுங்கள். அறிவித்தலை எப்போதும் பிள்ளையின் ஊர் நேரத்தில் எழுதுங்கள்: “ரொறன்ரோ நேரம் சனி காலை 9 மணி.” அது உங்களுக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் 35ஆவது நிமிடத்தில் வீட்டுவேலையைச் சொல்லி முடித்துவிடுங்கள்.